கீழ் மிதவையில் போடாத வட்டம்

பிஸெர்த்
27 ஜூன் 1999

அன்புள்ள ஒல்ஃபாவுக்கு,

ஸலாம். இங்கே எல்லாரும் நலம். நீ துனிஸுக்குப் போய்ப் பதினோரு நாள் ஆகிறது. பயிற்சி விடுதிச் சாப்பாட்டில் காரமே இல்லை என்று உன் அம்மா மீன் கடையில் சொன்னார்கள். எங்கள் வீட்டு மிளகாய் விழுது, ஹரிஸா, ஒரு புட்டி கொடுத்துவிட்டிருக்கிறேன். மூடியை இறுக்கி மூடு, இல்லாவிட்டால் உன் துணியெல்லாம் பூண்டு வாசம் அடிக்கும்.

வியாழக்கிழமை படகு கிளப் போனில் நீ கூப்பிட்டபோது நான் ஒன்றும் பேசவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. போனைக் காதில் வைத்தால் எனக்கு வார்த்தை வருவதில்லை. எழுதினால் வருகிறது.

நம் படகு நவ்ரஸைத் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கிறார்கள். நேற்று நான் போய்ப் பாய்களை விரித்து, உப்புப் போக நல்ல தண்ணீரில் அலசிக் காயவைத்தேன். பயிற்சி கொடுக்கிற லொத்ஃபி அண்ணன் என்னைப் பார்த்ததும், "வாங்க, பாதிப் படகு வந்துருக்கு" என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் சொன்னதில் தப்பில்லை. இரண்டு பேர் படகில் சுக்கானைப் பிடிக்கிறவள் போய்விட்டால், படகு சாயாமல் இருக்கப் பாய்மரக் கம்பியில் வெளியே தொங்குகிறவள் எதில் தொங்குவது?

பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளுக்குத்தான் அந்த விடுதி. அதை நான் புரிந்துகொண்டேன். ஏழாம் வகுப்பில் எழுந்து நின்று வாசிக்க வாய் வராமல் நின்றுபோனவளை எந்த விடுதியில் சேர்ப்பார்கள்? ஆனால் மே மாதப் போட்டியில் ஜெயித்தது நாம் இரண்டு பேரும் என்பதால், அக்டோபரில் அலெக்சாந்திரியா போட்டிக்கு நாம் இரண்டு பேரும்தான் போவோம் என்று நீ சொல்லிவிட்டுப் போனாய். அதை நினைத்துக்கொண்டுதான் ஜீன்ஸ் கம்பெனியில் ஒரு நாளைக்கு நானூறு பின்பாக்கெட் தைக்கிறேன்.

அப்பா சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறார். ஜெயித்தால் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகலாம், தோற்றால் வீட்டோடு இருக்க வேண்டும் என்றாரே, அதன்படி ஞாயிறுகளை எனக்கு விட்டுவிட்டார். படகுதான் இல்லை.

உன்
மப்ரூகா

துனிஸ்
9 ஜூலை 1999

என் ஊமைச்சிக்கு,

ஹரிஸா மூன்றே நாளில் தீர்ந்துவிட்டது. அறையில் இருக்கிற நாலு பேரும் விரலால் வழித்துத் தின்றோம். அடுத்த புட்டி பெரிதாக வரட்டும்.

இங்கே எனக்குச் சிரீன் என்று ஒருத்தியைக் கூட்டாளியாகக் கொடுத்திருக்கிறார்கள். வாய் மூடுவதே இல்லை. தன் அக்காள் கல்யாணம், அத்தை வீட்டுப் பூனை, எல்லாம் சொல்வாள். காற்று திரும்புவதை மட்டும் சொல்ல மாட்டாள். நேற்று நேராகக் காற்றுச் செத்த இடத்துக்குள் போய் உட்கார்ந்துவிட்டோம். "ஏன்டி சொல்லல?" என்றேன். "நீ கேக்கலியே" என்கிறாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

கரையில் உன்னிடமிருந்து ஒரு வார்த்தை பிடுங்க முடியாது. கம்பியில் ஏறிவிட்டால் கத்துவாயே, "காத்து வருது, மூணு, ரெண்டு, ஒண்ணு" என்று. நான் பாயைப் பார்த்துக்கொண்டே ஓட்டுவேன். கடலைப் பார்த்தது உன் கண். உன்னைப் போல ஒருத்தி இங்கே கிடையாது.

மே மாதப் போட்டியைப் பற்றி இங்கே எல்லாரும் கேட்கிறார்கள். கெலிபியா கிளப்காரிகள் இனேஸும் ரீமும் ஒரு படகு நீளம்தான் பின்னால் இருந்தார்கள் என்றால் நம்ப மாட்டேன் என்கிறார்கள். கீழ் மிதவையைச் சுற்றிக் காற்றுக்கு எதிரே திரும்பியபோது அவர்களுக்கு நுழைய இடமே விடாமல் ஒட்டித் திரும்பினோமே, அதை நூறு தரம் சொல்லிவிட்டேன். நீயும் எழுது. உன் பக்கத்திலிருந்து எப்படி இருந்தது?

உன்னைக் கம்பியோடு மாட்டுகிற இடுப்புவாரைப் பத்திரமாக வை. அதன் முதுகில் ஆரஞ்சுக் கறை பார்த்தேன், துவைத்து வை. அலெக்சாந்திரியாவில் அழுக்காகப் போய் நிற்காதே.

உன்
ஒல்ஃபா

பிஸெர்த்
20 ஜூலை 1999

அன்புள்ள ஒல்ஃபாவுக்கு,

பெரிய புட்டி அனுப்பியிருக்கிறேன்.

இடுப்புவாரை இரண்டு தரம் ஊறவைத்துத் துவைத்தேன். கறை போகவில்லை. பெயின்ட் போலிருக்கிறது. கிளப்பில் எல்லா இடத்திலும் பெயின்ட்தானே.

கம்பெனியில் என் பக்கத்து மெஷினில் சைதா என்றொரு அக்கா. நான் கடலில் போட்டிக்குப் போனவள் என்று யாரோ சொல்ல, "இவளா? இவ வழி விடச் சொல்லக்கூட வாயத் தொறக்க மாட்டா, அலை வந்தா யாரக் கூப்பிடுவா?" என்று சிரித்தாள். எனக்குக் கோபம் வரவில்லை. ஒல்ஃபாவைக் கூப்பிடுவேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

நான் படகில் ஏறிய முதல் நாள் ஞாபகம் இருக்கிறதா? அப்பா கப்பல் பட்டறையில் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். சாப்பாடு கொண்டுபோன என்னை லொத்ஃபி அண்ணன் நிறுத்தி எடை பார்த்தார். "நாப்பத்தெட்டு கிலோ. போதும், ஏறு." என் பெயரைக்கூடக் கேட்கவில்லை. அதனால்தான் ஏறினேன். பெயர் கேட்டிருந்தால் ஓடியிருப்பேன்.

கீழ் மிதவையைப் பற்றி எழுதச் சொன்னாய். நான் கம்பியில் வெளியே போகிற அவசரத்தில் இருந்தேன். நுரைதான் தெரிந்தது. கரைச்சுவரில் அப்பா நின்றிருந்தது தெரிந்தது. அவர் வந்து பார்த்த ஒரே போட்டி அதுதான். வேறு எழுத என்ன இருக்கிறது?

உன்
மப்ரூகா

துனிஸ்
6 ஆகஸ்ட் 1999

மப்ரூகா,

கவனமாகப் படி. அலெக்சாந்திரியாவுக்குச் சிரீனைக் கூட்டிக்கொண்டு போ என்கிறார்கள். நீ எங்கும் படிக்கவில்லை, பயிற்சியிலும் இல்லை என்கிறார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஜெயித்த ஜோடிதான் போகும் என்பது பழைய முறை. அதைப் பிடித்துக்கொண்டு ஒரு மாதமாகச் சண்டை போடுகிறேன்.

கடைசியில் இறங்கி வந்திருக்கிறார்கள். இருபத்திரண்டாம் தேதி போட்டிக் கமிட்டி கூடுகிறது. நான் போய்ப் பேச வேண்டும். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்ட தாள் ஒன்று வேண்டுமாம். எல்லாச் சுற்றையும் விதிப்படி ஓட்டினோம், போட வேண்டிய தண்டனை வட்டம் எதையும் விடவில்லை என்று அதில் எழுதியிருக்கிறது. என் கையெழுத்தைப் போட்டுவிட்டேன். உன்னுடையதைப் போட்டு உடனே அனுப்பு.

தலைவர் என்னிடம், "உன் கூட்டாளிக்காகவும் சேத்து நீ சத்தியம் பண்ணுவியா?" என்று கேட்டார். "எனக்காகப் பண்றதுக்கு முன்னாடி அவளுக்காகப் பண்ணுவேன்" என்றேன். கடலில் விசில் ஊத ஆள் கிடையாது, மிதவையில் பட்டவள்தான் தனக்குத்தானே படகைச் சுற்றி ஒரு வட்டம் போட வேண்டும், அப்படி ஓட்டித்தான் ஜெயித்தோம் என்று அவர்கள் முகத்துக்கு நேரே சொல்லப் போகிறேன்.

பனி மூடிய அன்று பயிற்சியில் மிதவையை உரசிவிட்டு, பார்க்க ஒரு ஈ காக்கா இல்லாத இடத்தில் நான் வட்டம் போட்டபோது நீ சிரித்தாயே. இப்போது பார், அந்தப் பைத்தியக்காரத்தனம்தான் உன்னை எகிப்துக்குக் கூட்டிப்போகப் போகிறது.

தாளை மடிக்காமல் அனுப்பு.

உன்
ஒல்ஃபா

பிஸெர்த்
13 ஆகஸ்ட் 1999

ஒல்ஃபா,

தாளைத் திருப்பி அனுப்புகிறேன். மடிக்கவில்லை. கையெழுத்தும் போடவில்லை.

கீழ் மிதவையில் பட்டுவிட்டது. நீ ஒட்டித் திருப்பினாய், நான் கம்பியில் சாய்ந்து வெளியே போனேன், ஒரு அலை தூக்கிப் போட்டது. என் முதுகு மிதவையில் இடித்தது. நன்றாகவே இடித்தது. நீ பாயைப் பார்த்துக்கொண்டிருந்தாய். பின்னால் வந்த இனேஸுக்கு நம் பாய் மறைத்திருக்கும். அந்தக் கறை மிதவையின் பெயின்ட். அது உனக்குத் தெரிந்துவிட்டது என்றுதான் ஜூலை மாதம் பயந்தேன். நீ துவைக்கச் சொல்லி மட்டும் எழுதியிருந்தாய்.

நான் சொல்லியிருந்தால் நீ அந்த நிமிஷமே வட்டம் போட்டிருப்பாய். கெலிபியாப் படகு முன்னால் போயிருக்கும். கரைச்சுவரில் அப்பா நின்றார். தோற்றால் இனிக் கடல் இல்லை என்று அன்று காலை காபி குடிக்கும்போதுதான் இன்னொரு தரம் சொல்லியிருந்தார். நான் வாயைத் திறந்தேன், ஒல்ஃபா. பிறகு மூடிக்கொண்டேன். கரையில் வராத குரல் படகில் வரும் என்று நீ பெருமையாகச் சொல்வாயே, அன்று படகிலும் வரவில்லை.

கரைக்கு வந்ததும் சொல்லலாம் என்று நினைத்தேன். நீ கட்டிக்கொண்டு அழுதாய். மறுநாள் சொல்லலாம் என்று நினைத்தேன். விடுதிக் கடிதம் வந்தது. நீ போன பிறகு, சொல்லி என்ன ஆகப்போகிறது என்று இருந்துவிட்டேன். இப்போது நீ எனக்காகச் சத்தியம் செய்யப் போகிறாய். அதை மட்டும் என்னால் செய்யவிட முடியாது.

நீ சிரீனோடு போ. கமிட்டியிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம். மப்ரூகாவை அவள் அப்பா அனுப்பவில்லை என்று சொல்லிவிடு. யாருக்கும் தெரியாது. என்னைத் திட்டி ஒரு கடிதம் எழுது, போதும்.

மப்ரூகா

துனிஸ்
24 ஆகஸ்ட் 1999

மப்ரூகா,

யாருக்கும் தெரியாது என்று எழுதியிருக்கிறாய். எனக்குத் தெரிந்துவிட்டதே.

இருபத்திரண்டாம் தேதி போனேன். மே மாதப் போட்டியின் கடைசிச் சுற்றிலிருந்து விலகுகிறோம் என்று எழுதிக் கொடுத்தேன். கெலிபியாக்காரிகள்தான் இப்போது முதல். விடுதி இடமும் அவர்களுக்குத்தான். ரீம் ஜூன் மாதமே படகை விட்டுவிட்டாளாம், இனேஸ் வேறொருத்தியைத் தேட வேண்டும். மாத முடிவில் நான் ஊருக்கு வந்துவிடுவேன்.

வட்டம் போட்டிருந்தால் இருபது நொடி போயிருக்கும். காற்றுக்கு எதிரே ஏற இன்னும் ஒரு முழுத் தூரம் பாக்கி இருந்தது. நாம் அவர்களைப் பிடித்திருப்போம். நான் பிடித்திருப்பேன் என்று உனக்குத் தோன்றவே இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இனி எழுதாதே.

ஒல்ஃபா பென் யெதர்

பிஸெர்த்
31 அக்டோபர் 1999

ஒல்ஃபா,

எழுதாதே என்றாய். இது மூன்றாவது கடிதம். முந்தைய இரண்டும் போய்ச் சேர்ந்தன என்று தபால்காரர் சொன்னார். நான்கு தெரு தள்ளி இருக்கிற வீட்டுக்கு எதற்கு ஸ்டாம்ப் ஒட்டுகிறாய், நடந்து போய்க் கொடேன் என்று அவர் கேட்டார். உன் வீட்டு வாசலில் வந்து நின்றால் எனக்குப் பேச்சு வராது என்பதை அவருக்கு எப்படிச் சொல்வது?

அலெக்சாந்திரியாவில் இனேஸும் அவளுடைய புதுக் கூட்டாளியும் பதினான்காவதாக வந்தார்களாம். நவ்ரஸைக் கெலிபியாவுக்குக் கொடுத்துவிட்டார்கள். வண்டியில் ஏற்றும்போது கயிறு கட்ட நானும் போனேன். என் இடுப்புவாரையும் உள்ளே வைத்துவிட்டேன். யாருக்காவது அளவு பொருந்தும்.

அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஞாயிறு இனிமேல் இல்லை. கம்பெனியில் ஞாயிறு வேலையும் கேட்டு வாங்கிக் கொடுத்துவிட்டார். திட்டவில்லை. அவர் சொன்னதைத்தான் யாரிடமாவது சொல்ல வேண்டும், உன்னைத் தவிர ஆள் இல்லை.

அவர் அன்றைக்கே பார்த்திருக்கிறார். கரைச்சுவரிலிருந்து கீழ் மிதவை நன்றாகத் தெரியும். அவருக்கு விதி தெரியாது. "நீ அந்த மிதவைல முதுகு இடிச்சத பாத்தேன். பலமா பட்டிருக்கும்னு நெனச்சேன். அப்பவும் ஒரு சத்தம் போடல பாரு, எம் பொண்ணுன்னு பக்கத்துல நின்னவன்கிட்ட சொன்னேன்" என்றார்.

இன்று காலை கம்பெனிக்குப் போகும் வழியில் கரைச்சுவர் பக்கம் நின்றேன். நீ ஒற்றை ஆள் படகில் இருந்தாய். அதில் கம்பி இல்லை, காற்றைச் சொல்ல ஆள் வேண்டாம், கடலையும் பாயையும் நீயே பார்த்துக்கொள்கிறாய். காற்று வந்தது உனக்கு முன்னால் எனக்குத் தெரிந்தது. மூன்று, இரண்டு, ஒன்று என்று உதட்டுக்குள் எண்ணினேன். ஒன்றில் சரியாக உன் பாய் நிமிர்ந்தது.

கீழ் மிதவையில் உன் பாயின் அடிக்கட்டை லேசாக உரசியது. கடலில் வேறு படகு இல்லை. நீ ஒதுங்கிப் போய் ஒரு முழு வட்டம் போட்டாய். மெதுவாக, முழுசாக.

முடித்துவிட்டு நிமிர்ந்து கரையைப் பார்த்தாய். நான் நின்ற இடத்தைத்தான் பார்த்தாய். நான் கையைத் தூக்கவில்லை. நீயும் தூக்கவில்லை. பிறகு கம்பெனிச் சங்கு ஊதியது, நான் போய்விட்டேன்.

மப்ரூகா