சிக்னல் எட்டாத குளிரறை

அன்புள்ள பெரியவளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், இந்தத் தடவை இதை வழக்கத்துக்காக எழுதவில்லை, நிஜமாகவே எழுதுகிறேன். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, தூக்கம் கெடாமல் நன்றாக இருக்க வேண்டும். போனில் நீ அழ, நான் அழ, நடுவில் அப்பா போனைப் பிடுங்கி, "அவ உசுரோடதான் இருக்கா, ரெண்டு பேரும் சும்மா இருங்க" என்று அதட்ட, நடந்ததை முழுசாகச் சொல்லவே முடியவில்லை. அரைகுறையாக விட்டால் மீதியை நீயே பயங்கரமாகக் கற்பனை செய்துகொள்வாய், உன்னைப் பெற்றவளுக்குத் தெரியாதா, அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

எங்கள் கிடங்கில் ஐஸ்கிரீம் வைக்கிற பெரிய குளிரறை உனக்குத் தெரியும். சுமை தூக்குகிறவர்கள் எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். பெட்டிகளைக் காற்றாடியை மறைத்து அடுக்கிவிட்டார்களோ என்று ஒரு எட்டு பார்த்துவிட்டு வரலாமென யாரிடமும் சொல்லாமல் உள்ளே போனேன். கதவு பின்னாலேயே சாத்திக்கொண்டது. அது எப்போதும் சாத்திக்கொள்வதுதான், உள்ளே இருக்கிற குமிழைத் தள்ளினால் திறந்துவிடும். அன்றைக்குப் பார்த்துக் குமிழ் பனி பிடித்து இறுகிக் கிடந்தது. தோளால் இடித்தேன், காலால் உதைத்தேன், அசையவே இல்லை. இடுப்பில் வாக்கிடாக்கி இருக்கிறதே என்று வாட்ச்மேனைக் கூப்பிட்டேன், உஸ்ஸென்று இரைந்ததே தவிர ஆள் குரல் வரவில்லை. போனை எடுத்தால் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. தொண்டை கிழியக் கத்தினேன், சுவருக்குள் அடைத்திருக்கிற தெர்மாகோல் மாதிரிச் சமாச்சாரம் அத்தனையையும் விழுங்கிவிட்டது. தடிக் கோட்டு போட்டிருந்தேன், கையுறைதான் இல்லை. விரல் நுனி முதலில் எரிந்தது, பிறகு எரியவும் இல்லை, அதுதான் பயமாக இருந்தது. ஊர் ஊராகச் சிக்னல் டவர் நிறுத்துகிறாள் என் மகள், எனக்கு ஒரு கோடு கொடுக்க முடியவில்லையே என்று உன்மேல் கோபம் கோபமாக வந்தது, சிரிக்காதே. அந்தக் கோபத்தில் வாக்கிடாக்கியைத் தலைக்கு மேலே போகிற இரும்புக் குழாயில் ஓங்கி அடித்தேன். டங்கென்றது. கையாவது சூடாகட்டும் என்று அடித்துக்கொண்டே இருந்தேன்.

அந்தக் குழாய் சுவரைத் துளைத்துக்கொண்டு கம்ப்ரஸர் ரூமுக்குப் போகிறது. அங்கேதான் நாங்கள் சிடுமூஞ்சி என்று கூப்பிடுகிற மெக்கானிக் இருப்பார். மெஷின் இரைச்சலுக்குக் காதை மூடிக்கொண்டு வேலை செய்கிறவர், ஆனால் அவ்வப்போது நீள ஸ்க்ரூடிரைவர் ஒன்றை மெஷினில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்து உள்ளே என்ன சத்தம் என்று கேட்பார், டாக்டர் நெஞ்சில் வைத்துக் கேட்பதுபோல. அன்றைக்கு டக் டக்கென்று கேட்டதும் பேரிங் போய்விட்டது என்று திட்டிக்கொண்டே மெயின் சுவிட்சை இறக்கி மொத்தத்தையும் நிறுத்திவிட்டார். "நிறுத்தின பிறகும் தட்டுதுங்க. ஓடாத மெஷின் எப்படிங்க தட்டும்?" என்று அப்புறம் அப்பாவிடம் சொன்னாராம். உள்ளே எனக்கு அது எப்படி இருந்தது தெரியுமா, காற்றாடி நின்று, விளக்கும் அணைந்து, கும்மிருட்டு. அவ்வளவுதான், எல்லாம் முடிந்தது என்று தட்டுவதை நிறுத்திவிட்டேன். அந்த நிசப்தத்தில் குழாயே என்னைக் கூப்பிட்டது பெரியவளே, டக், டக், டக். திருப்பி அடித்தேன். அதுவும் திருப்பி அடித்தது. அதற்குப் பிறகுதான் எனக்கு அழுகையே வந்தது. கடப்பாரையோடு வந்து கதவை நெம்பித் திறந்த சிடுமூஞ்சி முதல் வார்த்தையாக, "பைப்ப உடைச்சிருந்தா யாரு பதில் சொல்றது?" என்று கத்தினார், கத்திக்கொண்டே தோளில் கிடந்த துண்டை எடுத்து என் விரல்களைச் சுற்றினார்.

போன் எடுக்காமல் தட்டினது மட்டும் எப்படிக் கேட்டது என்று அழுகைக்கு நடுவிலேயே நீ போனில் விளக்கினாயே, அதை அப்பாவுக்கு நானே சொல்லிக் காட்டினேன். ரேடியோ அலைக்குக் காற்றுகூட வேண்டாம், நிலாவுக்கும் ஒன்றுமில்லாத வெளியில் போய்விடும், ஆனால் நாலு பக்கமும் தகடு அடித்த அறைக்குள் அதன் பாச்சா பலிக்காது. சத்தத்துக்கு அதிர்வதற்கு ஏதாவது ஒன்று வேண்டும், இல்லாவிட்டால் அது கிடையவே கிடையாது, இரும்பு கிடைத்தாலோ காற்றில் போவதைவிடப் பல மடங்கு வேகமாக ஓடும். அப்பா கேட்டுவிட்டு, "அப்ப உங்கம்மா கத்துறதைவிடத் தட்டுறது மேல்" என்றார், அதை வேறு உன்னிடம் சொல்லச் சொன்னார்.

வேலையை விட்டுவிடு என்கிறாய், விடமாட்டேன். குமிழை மாற்றிவிட்டார்கள், அறைக்குள்ளிருந்து கம்பி இழுத்து வெளியே மணியும் வைத்துவிட்டார்கள், நானே இழுத்துப் பார்த்தேன், தெருமுனை வரைக்கும் கேட்கிறது. டாக்டர் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்க விரல்களை ஒவ்வொன்றாக ஊசியால் குத்தினார், ஒவ்வொன்றுக்கும் ஆ என்றேன், "நல்லா கத்துங்கம்மா, சந்தோஷம்" என்றார். நீ மட்டும் டவர்மேல் ஏறுமுன் கீழே ஒருவரிடம் வாயால் சொல்லிவிட்டு ஏறு, மறக்காதே, கையுறையும் போட்டுக்கொள். எந்தக் குறையும் வராமல் நீ நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும் கண்ணு. வீட்டில் வேறொன்றும் விசேஷம் இல்லை, அன்றிலிருந்து அப்பா ஃபேன் போட விடுவதில்லை, இதோ பனியன் நனைய வியர்வையோடு பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "உனக்குக் குளுராம இருக்கா?" என்று கேட்கிறார்.

புழுங்கிச் சாகிற,
உன் அம்மா