வாப்பா பாதியில் நிறுத்திய அரபுப் பாட்டு

அன்பு மகன் மாஹிருக்கு, நம் தாமுவே வீட்டிலிருந்து உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நானும் வாப்பாவும் பெரிதாக நோய்நொடி இல்லாமல் நாளைத் தள்ளுகிறோம், அந்த தோஹா வெயிலில் நீ சுகமாக இருக்க துஆ கேட்டபடி இருக்கிறேன். போனில் பேசினால் பாதியில் அறுந்துவிடுகிறது, சில பேச்சைப் போனில் பேசவும் பயம், அதனால்தான் லீவு முடிந்து அங்கே திரும்பும் பக்கத்து வீட்டு சஜிதா கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கரண்ட் இல்லாமல் மோட்டார் ஓடுவதில்லை, மாடிக்கு வாளியில் தண்ணீர் தூக்கித் தூக்கி எனக்கு முட்டி வீங்கிவிட்டது.

எப்போது எப்போது என்று நீ விசாரித்துக்கொண்டே இருந்த கச்சேரி நடந்துவிட்டது. லான்மடாவ் பேட்டையில் துணிக்கடை வைத்திருக்கும் அப்துல் பாரி மாமாதான் விடாப்பிடியாக நடத்தினார். கெய்ரோ ரேடியோவுக்கு அரபு நாடெல்லாம் காத்துக் கிடந்த காலத்துப் பாட்டுகள், அவரும் வாப்பாவும் இளவயதில் இசைத்தட்டில் கேட்டுப் பழகியவை. நாடு இருக்கும் நிலையில் இருட்டுமுன் எல்லாரும் வீடு சேர வேண்டுமே என்று கல்யாண மண்டபத்தில் மத்தியானமே வைத்தார்கள். பாரி மாமா வயலின், வாப்பா பாட்டு. அரபு என்றதும் பாதிப்பேர் நபி புகழ் பாடும் பைத்து என்று நினைத்து பக்தியோடு உட்கார்ந்திருந்தார்கள், காதல் பாட்டு என்று எடுத்துச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. நடுவில் கரண்ட் போய் மைக்கும் நின்றது, வாப்பா நிறுத்தவில்லை, கடைசி வரிசைவரை கேட்டது. கடைசிப் பாட்டில் 'திரும்பி வா' என்று ஓர் அடி, நீகூட போனில் உச்சரிப்பு சொல்லிக் கொடுத்தாயே, அந்த இடம் வந்ததும் வாப்பா வாயை மூடிக்கொண்டார். மறந்துவிட்டார் என்று நினைத்து பாரி மாமா அதையே திரும்பத் திரும்ப வாசித்தார், இவர் தரையைப் பார்த்தபடி நின்றார், கூட்டம் பாவப்பட்டுக் கைதட்டியது.

வீட்டுக்கு வந்து டீ கொடுத்துக் கேட்டேன், அவ்வளவு பாடம் பண்ணீங்களே, எப்படி மறந்துச்சு என்று. மறக்கல புள்ள, பெருநாளைக்கு வர்றேன்னு அவன் டிக்கெட் எடுத்து வச்சிருக்கான், இங்க வாலிபப் பிள்ளைங்கள பட்டாளத்துக்குப் பிடிச்சிட்டுப் போறாங்க, பாட்டுலகூட அவன வான்னு என் வாயால கூப்பிட மாட்டேன் என்றார். எழுந்துபோய் உனக்காகக் கழுவி வைத்த அறையைச் சாத்திவிட்டேன்.

டிக்கெட்டை ரத்து செய்துவிடு மகனே. பெருநாளன்று புதுச்சட்டை போட்டுத் தொழப் போ, கூட இருக்கும் பிள்ளைகளோடு வயிறார சாப்பிடு. வாப்பாவிடம் இதைப் பற்றிக் கேட்காதே, பாட்டு நன்றாக இருந்ததாம் என்று மட்டும் சொல். உன்னை எங்கே வைத்தாலும் அல்லாஹ் பத்திரமாக வைக்கட்டும்.

உன் உம்மா,
சுல்தான் பீவி