நின்றுகொண்டே விளம்பியவள்

தேங்காய் சிவந்து வருகிற வாசம் அடுக்களையை நிறைத்திருக்கிறது. உள்ளித்தீயல் குழம்புக்கு வறுத்துக்கொண்டிருக்கிறேன். இறக்கினால் நிறம் போதாது, விட்டால் கரிந்துபோகும் என்கிற அந்த இடம் வரும்போது, "இப்பம் எறக்குட்டி" என்று பின்னாலிருந்து சொல்வாய். இன்றைக்குச் சொல்ல ஆளில்லை. நானே ஒரு யோசனையில் இறக்கினேன். கொஞ்சம் கரிந்துதான் போயிற்று.

மத்தியானம் ஒரு பெண் வருகிறாள். வியட்நாம். வெளிநாட்டுப் பிள்ளைகளை நம் ஊர் வீடுகளில் ஆறு வாரம் தங்கவைத்து, கிராம சபை, அங்கன்வாடி, ரேஷன் கடை, கோயில் கொடை, சபை ஆராதனை என்று எல்லாவற்றையும் காட்டுவார்களே, அதே நிகழ்ச்சிதான். கோடை விடுமுறை நிகழ்ச்சி என்று பெயர். கோடை அவர்களுக்கு, நமக்கு இடவப்பாதி மழைக்காலம். ஒரு பிள்ளையாவது குடையோடு வந்து இறங்கியதில்லை.

நீ போன பிறகு இரண்டு வருடம் என்னால் முடியாது என்று சொல்லிவிட்டேன். இந்த வருடம் சம்மதித்தேன். தீயலை எதில் ஊற்றிவைக்கலாம் என்று அலமாரித் தட்டில் துழாவினால் உன் பெயர் வெட்டிய தூக்குச்சட்டி கையில் வருகிறது. ஏன் சம்மதித்தேன் என்று உனக்கு எழுதாமல் வேறு யாருக்கு எழுதுவது?

இதே நிகழ்ச்சியில் மாக்தா தங்க வந்த வருடம் நான் ஆடிய ஆட்டத்தை நீ மறந்திருக்க மாட்டாய். போலந்துக்காரி, வாசல் நிலையில் தலை இடிக்கிற உயரம். மஸ்கட்டிலிருந்து மகன், "எதுக்கும்மா வேண்டாத வேல" என்றான். நான் கேட்கிற ஆளா? அவன் அறைக்குப் புதுக் கட்டில் வந்தது, கொசுவலை வந்தது. சபையில் பெண்கள் கூட்டத்தில் எழுந்து நின்று, என் வீட்டுக்கு வருகிற விருந்தாளிக்காக ஜெபிக்கச் சொன்னேன். பள்ளிக்கூடத்து டீச்சர்கள் அறையில் இருபத்தெட்டு வருடம் என் பக்கத்து நாற்காலியில் இருந்தவள் அல்லவா நீ, கேள்விப்பட்டுச் சிரித்தாய். "ஒரு பிள்ளை தங்க வருது, அவ்வளவுதான். மகாராஜா வருத மாதிரி நிக்கியே."

ஆறு நாள் அவளைத் தாங்கினேன். காலையில் புட்டும் பயறும். மத்தியானம், கடியப்பட்டணத்து மீன்காரியிடம் சண்டை போட்டு வாங்கிய நெய்மீன். அவள் மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவாள். நான் பக்கத்தில் அகப்பையோடு நிற்பேன். தட்டில் ஒரு ஓரம் காலியானால் அங்கே சோறு விழும். போதும் என்று கையால் தட்டை மறைப்பாள். விரல் இடுக்கு வழியாகக்கூடச் சோறு விளம்பியிருக்கிறேன். தட்டைக் கழுவ எழுந்தால் பிடுங்கிக்கொள்வேன். அவள் அறைக்குப் போன பிறகு அடுக்களையில் நின்றபடி நான் நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொள்வேன். விருந்தாளி கை கழுவிய பிறகுதானே வீட்டுக்காரி சாப்பிட வேண்டும்? எனக்கு வேறு விதம் தெரியாது.

ஏழாம் நாள் நிகழ்ச்சியை நடத்துகிற தம்பி போனில் கூப்பிட்டார். "டீச்சர், ஒண்ணும் நெனைக்கப்பிடாது. அந்தப் பிள்ளை வேற வீடு கேக்குது. ஞாயிற்றுக்கிழமை மாத்தி விட்டுரட்டா?"

ஞாயிற்றுக்கிழமையாம். சபை முழுக்கப் பார்க்கப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இன்னொரு வீட்டுக்குப் போகப்போகிறாள். அன்று சாயங்காலம் நீ தூக்குச்சட்டியில் தீயலோடு வந்தபோது உன்னிடம்தான் கொட்டினேன். நன்றி கெட்டது என்றேன், நெய்மீன் விலையைச் சொன்னேன், இன்னும் என்னென்னவோ சொன்னேன். நீ தூக்குச்சட்டியை வைத்துவிட்டு அவள் அறைக்குள் போனாய். அரை மணி நேரம் உங்கள் இரண்டு பேர் குரலும் இங்கிலீஷில் தணிந்து கேட்டுக்கொண்டிருந்தது. வெளியே வந்து என்னை அடுக்களைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாய்.

"ஏட்டி, நீ அவகூட ஒரு நாளாவது இருந்து தின்னியா?"

"விருந்தாளி தின்னுட்டுல்லா நாம திங்கணும்."

"அவ என்ன கேக்கா தெரியுமா? இந்த வீட்டம்மா என்கூட இருந்து திங்க மாட்டாங்களா, நான் மாட்டெறச்சி திங்கவ, அதுனால தீட்டான்னு கேக்கா. அவங்க ஊர்ல பொறப்படும்போ குடுத்த புத்தகத்துல தீட்டப் பத்தியெல்லாம் போட்டிருக்காம்."

வேறு நேரமாக இருந்தால் சிரித்திருப்பேன். கிறிஸ்துமஸ் அன்று என் வீட்டில் என்ன இறைச்சி வேகும் என்று உனக்குத் தெரியும். சைவக்காரி நீ, அன்றைக்கு மட்டும் வாசலிலேயே நின்று கேக்கை வாங்கிக்கொண்டு ஓடுவாய். ஆனால் தீட்டு என்கிற சொல்லை என் வீட்டுக்குள் வைத்து, என்னைப் பற்றி, ஒரு பிள்ளை கேட்டிருக்கிறாள். அந்தச் சொல்லுக்குத் தப்பித்தான் எங்கள் ஆட்கள் சபைக்கே வந்தார்கள்.

"நான் அப்பிடி நெனைப்பேனா? நானா?" என்றேன். அழுகை வந்துவிட்டது.

நீ குரலை இறக்கி, "எங்க வீட்டுல ஒனக்கு மொதல்ல எலை போட்டத மறந்துட்டியா?" என்றாய்.

எப்படி மறப்பேன்? வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். உன் அண்ணன் கல்யாணத்துக்கு மறுநாள் என்னைக் கூட்டிக்கொண்டு போனாய். உன் அம்மா என்னை முன்னறையில் தனியாக உட்காரவைத்து, பெரிய இலை போட்டு, அவியலும் எரிசேரியும் பாயசமுமாக விளம்பினார்கள். பிரியமாகத்தான் விளம்பினார்கள். மற்ற எல்லோருக்கும் உள்ளே பந்தி. எனக்குச் செய்தது மரியாதையா, தள்ளிவைத்ததா என்று தெரியாமல் அந்த இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். அப்போது உள்ளேயிருந்து நீ வந்தாய், பாதி தின்ற உன் இலையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு. எச்சில் இலையோடு வீட்டுக்குள் நடக்கிறாளே என்று உன் அம்மா பதறிக்கொண்டு பின்னால் வந்தார்கள். சாம்பார் வழிந்து உன் புதுச் சேலையெல்லாம் ஆயிற்று. நீ யாரையும் பார்க்கவில்லை. என் பக்கத்தில் இலையை வைத்துச் சப்பணமிட்டு உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து தின்னத் தொடங்கினாய்.

"அண்ணைக்கு ஒனக்கு எப்பிடி இருந்து? அந்தப் பிள்ளைக்கு ஆறு நாளா அப்பிடித்தான் இருக்கு."

நீயே மேசையில் மூன்று தட்டு வைத்தாய். மாக்தாவைக் கூப்பிட்டாய். "இரிட்டி" என்று என் தோளைப் பிடித்து அமுக்கினாய். உட்கார்ந்தும் என் கை அகப்பைக்குப் போயிற்று. நீ அதை எடுத்து அவள் பக்கம் வைத்தாய். அவள் என்னைப் பார்த்து, "விளம்பட்டா?" என்றாள். ஆறு நாளாக என் வாயிலிருந்து அவள் கேட்டது அந்த ஒரு சொல்லைத்தான் போலிருக்கிறது. என் தட்டில் சோறு போட்டாள். போதும் என்றேன், இன்னொரு அகப்பை விழுந்தது. தட்டைக் கையால் மறைத்தேன். விரல் இடுக்கு வழியாக விளம்பினாள். உனக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை அவள் எங்கும் போகவில்லை. மீதி ஐந்து வாரமும் ராத்திரிச் சாப்பாடு நம் மூன்று பேருக்கும் ஒன்றாகத்தான். கிராம சபையில் பெண்களெல்லாம் ஏன் பின்னால் உட்காருகிறீர்கள் என்று கேட்டு ஊராட்சித் தலைவரை அவள் விழிக்கவைத்த கதையை, உன் தீயலைத் தொட்டுக்கொண்டுதான் சொன்னாள்.

பின்னொரு வருடம், இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று நெய்யூர் ஆஸ்பத்திரியிலிருந்து உன்னை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு தினமும் கஞ்சி கொண்டுவந்தேன். கட்டில் பக்கத்தில் நின்று கரண்டி கரண்டியாகத் தருவேன். இரண்டாம் நாளே வாயை மூடிக்கொண்டாய். "நின்னுகிட்டுத் தராத. மருந்து மாதிரி இருக்கு. இரி. நீயும் தின்னு." உட்கார்ந்தேன். நீ மூன்று கரண்டி, நான் மீதிக் கிண்ணம். நீ பார்த்துக்கொண்டே இருப்பாய், அதனால் தின்பேன். கடைசி வாரம் நீ ஒரு கரண்டிகூட இறக்கவில்லை. அப்போதும் நான் தின்று முடிக்கிற வரைக்கும் கண்ணை மூட மாட்டாய்.

நீ போனதும் நான் பழையபடி ஆகிவிட்டேன். அடுப்புப் பக்கத்தில் நின்று, சட்டியிலிருந்தே வழித்து, இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும் சாப்பாடு. ஒரு ஆளுக்கு எதற்குத் தட்டு? உன் விஷயத்தை மாக்தாவுக்கு எழுதவும் மனம் வரவில்லை. இந்த வருடம்தான் எழுதினேன். பெரிய ஆறுதல் எதுவும் அவள் சொல்லவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தாள்: இப்போது உங்களோடு யார் சாப்பிடுகிறார்கள்?

எட்டு நாள் அதற்குப் பதில் எழுதவில்லை. பொய் எழுதவும் வரவில்லை. ஒன்பதாம் நாள் நிகழ்ச்சி நடத்துகிற தம்பிக்குப் போன் போட்டு, அறை காலியாகத்தான் இருக்கிறது என்றேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே வியட்நாம் பிள்ளை வந்துவிட்டாள். தலையெல்லாம் நனைந்து, எங்கே உட்காருவது என்று தெரியாமல் மேசைப் பக்கம் நின்றாள். துவட்டத் துண்டு கொடுத்தேன். இரண்டு தட்டு வைத்தேன். என் கால் அடுப்புப் பக்கம்தான் இழுத்தது, பொய் சொல்லவில்லை. ஆனாலும் முதல் ஆளாக நான் உட்கார்ந்தேன். "இரி, மக்கா" என்றேன். அகப்பையின் பிடியை அவள் பக்கம் திருப்பி வைத்தேன்.

தீயல் கரிந்திருப்பது அவளுக்குத் தெரியவில்லை, இரண்டு தடவை போட்டுக்கொண்டாள். மீதி உன் தூக்குச்சட்டியில் இருக்கிறது. ராத்திரிக்கு எங்கள் இரண்டு பேருக்கும் அது தாராளமாகக் காணும்.