சும்மா கூட வந்தவள்

வெள்ளிக்கிழமை, மதியம்

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

வணக்கம். உங்களை என்னவென்று அழைப்பது என்று தெரியாமல் மூன்று தாள்களைக் கிழித்துப் போட்டேன். பெயர் சொல்லி எழுதக் கை கூசுகிறது. 'மேடம்' என்று எழுதினால், நான் வேலை பார்க்கும் பல் மருத்துவமனைக்கு நீங்கள் பல் பிடுங்க வந்ததுபோல இருக்கிறது. என்னைவிட நாலு வயது மூத்தவர், அதனால் அக்கா. பிடிக்காவிட்டால் அந்த ஒரு சொல்லை மட்டும் அடித்துவிட்டு மீதியைப் படியுங்கள்.

சின்னவன் நன்றாக இருக்கிறான். கீழுதட்டில் ஒரு கீறல், தையல்கூடத் தேவைப்படவில்லை. ஒரு பால் பல் போயிற்று. இப்போது என் பக்கத்தில் படுத்து, வாயைத் திறந்தபடி தூங்குகிறான். இன்று அவனுக்குப் பனிச்சறுக்கு வகுப்பு வேண்டாம் என்று நிறுத்திக்கொண்டோம். பெரியவளை அவள் அப்பா கூட்டிப் போயிருக்கிறார். 'என் வீட்டுக்காரர்' என்று உங்களுக்கு எழுத எனக்குக் கை வரவில்லை. பிள்ளைகளின் அப்பா என்றே எழுதுகிறேன், அது நம் இருவருக்கும் பொது.

நேற்று சாயங்காலம் போனில் நீங்கள் அவரிடம் சொன்னது எனக்கும் கேட்டது. அவர் ஸ்பீக்கரில் போடவில்லை, அதற்குத் தேவையும் இருக்கவில்லை. இனி எந்த விடுமுறைக்கும் பிள்ளைகளை அனுப்ப மாட்டேன், கோடைக்கும் கிடையாது, வேண்டுமானால் வக்கீல் மூலம் பேசட்டும் என்றீர்கள். அவரும் பதிலுக்குக் கத்தினார். எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது, உங்களுக்குத் தெரியாததா. இந்தக் கடிதம் எழுதுவது அவருக்குத் தெரியாது. நேற்று நடந்ததில் அவர் மேல் தப்பில்லை. தப்பு என்னுடையது. போனில் சொன்னால் நான் அழுவேன், நீங்கள் வைத்துவிடுவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

பிள்ளைகளின் பெட்டி மூடியின் உள்பக்கம் நீங்கள் ஒட்டி அனுப்பிய பட்டியலைத் தினமும் படித்தேன். பதினான்கு வரிகள். எனக்கு அது மனப்பாடம். இரண்டு சட்டை போட்ட பிறகே கம்பளி. வெயில் இல்லாவிட்டாலும் முகத்துக்குக் கிரீம். ஒன்பதாவது வரி, சின்னவனுக்குப் பாலில் ஆடை இருந்தால் குடிக்க மாட்டான், எடுத்துவிட்டுக் கொடுக்கவும். முதல் நாள் இந்த ஊர்ப் பாலில் ஆடையே படியவில்லை. அவனோ ஸ்பூனை வாங்கி ஐந்து நிமிஷம் தேடிப் பார்த்துவிட்டுத்தான் குடித்தான். வளர்ப்பு அப்படி என்று சிரித்துக்கொண்டேன்.

நீங்கள் தைத்துக் கொடுத்த சிவப்பு உடைகளைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். கையுறைகள் இரண்டையும் நீள நாடாவில் கோத்து, நாடாவைச் சட்டைக்குள் தோள் வழியாக ஓட்டியிருந்தீர்களே, அந்த வேலை. இங்கே தினமும் வகுப்பு முடிந்ததும் வேலியோரம் அனாதைக் கையுறைகள் கூடை கூடையாகச் சேரும். பிள்ளைகள் இரண்டு பேரும் மட்டும் ஒருநாளும் தொலைக்கவில்லை. பயிற்சி டீச்சர் சின்னவன் கையைத் தூக்கி நாடாவை இழுத்துப் பார்த்து, இதை எந்தக் கடையில் வாங்கினாய் என்று கேட்டாராம். எங்கம்மா கடையில என்றானாம். தையற்கடையில் உட்கார்ந்துகொண்டே நீங்கள் பனிமலை வரை கை நீட்டியிருக்கிறீர்கள், அக்கா. முகஸ்துதி இல்லை, மனதில் பட்டதைச் சொல்கிறேன்.

முதல் இரண்டு நாட்கள் ஒரே கூத்துதான். பெரியவர்களுக்கும் வகுப்பு உண்டு என்று பிள்ளைகளின் அப்பா போய்ச் சேர்ந்தார். இருபது வருஷம் பஸ் ஓட்டியவர், எனக்கா பேலன்ஸ் வராது என்று மார் தட்டினார். காலில் பலகையை மாட்டிய மறு நிமிஷம் பின்பக்கமாகவே சறுக்கிக்கொண்டு சரிவின் அடிவாரம் வரை போனார். சின்னவன் வகுப்புப் பிள்ளைகள் பத்துப் பேரும் நின்று கை தட்டினார்கள். "அப்பா ரிவர்ஸ்ல வர்றாரு" என்று சின்னவன் எல்லோருக்கும் விளக்கம் சொன்னான். நீங்களும் கொஞ்சம் சிரித்துக்கொள்ளுங்கள், தப்பில்லை.

சின்னவன் அவரைவிடக் கெட்டிக்காரன். பலகைகளின் முன் நுனிகளைக் கூரை முகடுபோலச் சேர்த்துப் பிடித்தால் வேகம் குறையும் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அதிலிருந்து படுக்கையில் கூரை, குளியலறையில் கூரை, சாப்பாட்டு மேஜைக்கு அடியிலும் கூரை. பெரியவள் அடுத்த படியான நீலக்கொடிச் சரிவுக்கு உயர்ந்துவிட்டாள். விழுந்தால் அழமாட்டாள், சுற்றிலும் பார்த்துவிட்டு யாரும் பார்க்கவில்லை என்றால் எழுந்துவிடுவாள். உங்களிடமிருந்து வந்த ரோஷம் என்று நினைக்கிறேன்.

இனி என் தப்புக்கு வருகிறேன்.

சேர்க்கும் நாளன்று ஒரு படிவம் கொடுத்தார்கள். அவர் எழுத்து அவருக்கே புரியாது என்பதால் நான்தான் நிரப்பினேன். அவசரத்துக்கு யாரை அழைப்பது என்ற இடத்தில் இரண்டே கோடுகள். தாய், தந்தை. தாய் என்ற இடத்தில் உங்கள் பெயரும் எண்ணும் எழுதினேன். அந்த எண் எனக்கு அத்துப்படி. தந்தை என்ற இடத்தில் அவர் எண். என்னுடையதை எழுத இடமில்லை. இருந்திருந்தாலும் எழுதியிருக்க மாட்டேன் என்பதுதான் உண்மை. உங்கள் இடத்தில் என் கை பட்டுவிடக் கூடாது என்று இந்த ஒன்றேகால் வருஷமாக நான் அப்படித்தான் ஜாக்கிரதையாக நடந்துகொண்டிருக்கிறேன். கவுன்டரில் இருந்த பெண் உங்கள் எண்ணைத் தொட்டுக் காட்டி, இது நீங்களா என்று கேட்டாள். இல்லை என்றேன். அப்படியானால் நீங்கள் யார் என்றாள். சும்மா கூட வந்தேன் என்றேன். பெரியவள் என் பக்கத்தில்தான் நின்றாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பெற்றவர்களைக் கண்டால் பிள்ளைகள் அழும், அதனால் கண்ணில் படாமல் போய்விடுங்கள் என்பது இங்கே விதி. எல்லோரும் போய்விடுவார்கள். எனக்கு மனம் கேட்கவில்லை. பலகைகளை அடுக்கி வைக்கும் ஒரு மரக் கொட்டகை இருக்கிறது. அதன் பின்னால் நின்றுகொண்டு ஐந்து நாளும் சின்னவனின் சிவப்புச் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வகுப்புக்கு நான் பணம் கட்டவில்லையே தவிர, பாடம் முழுக்க எனக்கும் தெரியும்.

நேற்றும் அங்கேதான் நின்றேன். பிள்ளைகளை மேலே ஏற்றிச் செல்லும் நகரும் பட்டையின் முனையில், பின்னால் வந்த பையன் நிற்கத் தெரியாமல் இவன் மேல் சாய்ந்தான். இவன் முகம் குப்புற விழுந்தான். நான் ஓடினேன். வேலிக்கு முன்னால் உதவியாள் ஒருவர் கையை நீட்டி மறித்துவிட்டார். படிவத்தில் பெயர் இல்லாதவரை உள்ளே விட முடியாது என்றார். நான் அவன் வீட்டு ஆள் என்கிறேன், அவர் தாளைப் புரட்டி, நீங்கள் தாயா என்கிறார். இல்லை என்கிறேன். அப்படியென்றால் எதற்கு வந்தாய் என்பதுபோலப் பார்க்கிறார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். யாரோ ஒருத்தி வந்து நம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போக விடாதவர் நல்லவர்தானே. 'நம் பிள்ளை' என்று எழுதிவிட்டேன், மன்னியுங்கள். அடிக்க மனமில்லை, அப்படியே விட்டுவிடுகிறேன்.

அந்த நேரத்தில்தான் அலுவலகத்திலிருந்து படிவத்தைப் பார்த்து அழைத்திருக்கிறார்கள். அவர் போன் அணைந்து கிடந்தது. காலையில் பிள்ளைகளை வீடியோ எடுத்தே பாதி தீர்ந்தது, மீதியைக் குளிர் குடித்துவிட்டது. அடுத்து உங்கள் எண். விபத்து, வாயில் ரத்தம், பல் என்று யாரோ முன்பின் தெரியாத பெண் அரைகுறையாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். நீங்கள் கையில் கத்தரிக்கோலோடு கடையில் நின்றிருப்பீர்கள். மூன்று விமான டிக்கெட் தொலைவில் மகன், அவனிடமிருந்து இருபதடி தூரத்தில் நான். ஆனால் அழைப்பு உங்களுக்குத்தான் வந்தது.

வேலியோரம் நான் மன்றாடிக்கொண்டிருந்தபோது பெரியவள் நீலக்கொடிச் சரிவிலிருந்து இறங்கி வந்தாள். தம்பியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அந்த உதவியாளிடம் ஆங்கிலத்தில் பேசினாள். இவங்க சும்மா வந்தவங்க இல்ல, எங்களோட வந்தவங்க, உள்ள விடுங்க என்றாள். அவ்வளவுதான். அம்மா என்று சொல்லவில்லை அக்கா. அதை நீங்கள் நம்ப வேண்டும். நானும் அதை எதிர்பார்க்கவில்லை. அவர் கையை எடுத்துவிட்டார். நான் சின்னவனிடம் ஓடினேன்.

சின்னவன் வலியில் அழவில்லை. பல்லைக் காணோம் என்றுதான் அழுதான். அம்மாதான் அது ஆடுதுன்னு முதல்ல கண்டுபிடிச்சாங்க, விழுந்தா அம்மாகிட்ட காட்டணும் என்று ஒரே பிடிவாதம். வாயைக் கழுவிப் பார்த்தேன். ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த கீழ்ப் பல், மிச்சம் நிற்காமல் சுத்தமாக வந்திருந்தது. பதினோரு வருஷமாக இதே வேலை, அதில் எனக்குச் சந்தேகமே வராது. பிறகு நானும் பெரியவளும் அந்த டீச்சரும் மண்டியிட்டுத் தேடினோம். வெள்ளைப் பனியில் வெள்ளைப் பல். கையுறையைக் கழற்றிவிட்டு அரிசியில் கல் பொறுக்குவதுபோல அலசினேன். லேசாக ரோஜா நிறம் பட்ட ஓர் இடத்தில் கிடைத்தது. சின்னவன் அழுகையை நிறுத்திவிட்டு, பல் ஆன்ட்டிக்குத்தான் இதெல்லாம் தெரியும் என்றான்.

என் பெரிய தப்பு அதற்குப் பிறகு நடந்தது. என் போன் பையில்தான் இருந்தது, முழு சார்ஜோடு. உங்கள் எண் தலைகீழாகத் தெரியும். சின்னவனை மடியில் வைத்துக்கொண்டு அங்கிருந்தே உங்களை அழைத்திருக்கலாம். பிள்ளைகளின் அப்பா வரட்டும், அவர் சொல்வதுதான் முறை என்று இருந்துவிட்டேன். அவர் வந்து, தங்கியிருக்கும் இடத்துக்கு நடந்து, சார்ஜ் போட்டு, போன் உயிர் பிடிக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. உங்கள் அழைப்புகள் நாற்பத்தொன்று அதில் வந்து விழுந்தன. அவர் போனை என்னிடம் காட்டினார். ஒதுங்கி நிற்பது மரியாதை என்று நான் நினைத்திருந்தேன். என் மரியாதையால் நீங்கள் ஒன்றரை மணி நேரம் செத்துப் பிழைத்திருக்கிறீர்கள். இதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். எத்தனை தடவை கேட்டாலும் போதாது என்றும் தெரியும்.

பிள்ளைகளைப் பார்க்காமல் இருந்தால் அவர் உடைந்துபோவார் என்று நான் எழுதப் போவதில்லை. அது உங்களுக்கும் அவருக்கும் உள்ளது. என்னைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அந்தக் கொட்டகைக்குப் பின்னால் நின்று பழகிவிட்டது. கோடையில் அவர்கள் வராவிட்டால் நான் எங்கே போய் நிற்பேன் என்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பெட்டி உங்களிடம் வரும். உங்கள் பட்டியலுக்குக் கீழேயே இந்தக் கடிதத்தை ஒட்டி வைக்கிறேன். கூடவே சின்ன மாத்திரைப் பெட்டியில், பஞ்சுக்கு நடுவில், அந்தப் பல் இருக்கிறது. முதலில் விழுந்த பல், உங்களிடம்தான் இருக்க வேண்டும். சின்னவன் தானே திறந்து காட்டுவதாக இருக்கிறான். தயவுசெய்து அதுவரை பார்க்காததுபோல இருந்துவிடுங்கள்.

இன்னொன்றும் வைக்கிறேன். அலுவலகத்தில் கேட்டு வாங்கிய வெற்றுப் படிவம். அடுத்த வருஷத்துக்கு. தாய் என்ற கோட்டில் உங்கள் பெயரை நான் எழுதவில்லை, அதை நீங்களே எழுதுவதுதான் அழகு. இரண்டு கோடுகளுக்கும் கீழே, ஸ்கேல் வைத்து மூன்றாவதாக ஒரு கோடு போட்டிருக்கிறேன். அதையும் காலியாகவே விட்டிருக்கிறேன். அடித்துவிட்டாலும் சரி, நான் கேள்வி கேட்க மாட்டேன்.

சின்னவன் எழுந்துவிட்டான். பால் வேண்டுமாம். ஆடை இருக்கிறதா என்று பார்க்க ஸ்பூனும் வேண்டுமாம். நான் எழுந்திருக்கிறேன்.

நீங்கள் வேளைக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, நலமாக இருக்க வேண்டும். அந்த மூன்றாவது கோட்டில் என் பெயரை எழுத மனம் வராவிட்டால் பரவாயில்லை அக்கா, எண்ணை மட்டும் எழுதுங்கள். இந்தத் தாளின் பின்பக்கம் குறித்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பிள்ளைகளின்
பல் ஆன்ட்டி