ஞாயிற்றுக்கிழமை ஊசி

செவ்வாய்

வெயில் மண்டையைப் பிளக்கிறது. திருச்சி எ. புதூர் முழுக்க கரண்ட் இல்லை. போனில் சார்ஜ் கொஞ்சம்தான். வெள்ளி மாலை தலைவன் பட ட்ரெய்லர்!!!

அம்மாவுக்கு இன்றும் வாந்தி. சொம்பு சொம்பாகத் தண்ணீர். மலச்சிக்கல் வேறு. "வெயில்டி" என்கிறாள். நாள் முழுக்கத் துணிக்கடையின் கீழ்த்தளத்தில் நிற்பவள் மேல் எங்கே வெயில்? அதனால்தானே விட்டமின் டி குறைந்தது.

புதன்

போன மாதம் ஸ்ரீரங்கம் டாக்டர் டெஸ்ட் பார்த்து ஒரு விட்டமின் டி ஊசி போட்டார். "இது போதும்மா. மூணு மாசம் கழிச்சு டெஸ்ட் எடுத்துட்டு வாங்க." அம்மா கேட்டாளா? அடுத்த ஞாயிறே கடை அக்காக்களோடு கூட்டமாகப் போய் ஒரு நர்ஸ் வீட்டில் இன்னொன்று. டெஸ்ட் இல்லை, சீட்டு இல்லை. வாரம் ஒருமுறை குடிக்கச் சொல்லி நர்ஸ் கொடுத்த டி பவுடரைத் தினமும் பாலில் கலக்கிறாள், இன்றுதான் பார்த்தேன். ஞாயிறு மறுபடி நர்ஸ் வீடாம்.

"அம்மா, டி அதிகமானா ரத்தத்துல கால்சியம் ஏறும். கிட்னி போயிடும்மா."

"வந்துட்டா யூடியூப் டாக்டர். எனக்கு இருமல்னதும் டிபின்னு அழுதவதானே நீ?"

உண்மை. அழுதேன்.

"முட்டி வலி இப்பதான்டி குறைஞ்சிருக்கு. இன்னொண்ணு போட்டா சுத்தமா போயிடும்."

வியாழன்

சாம்பாரில் இரண்டு முறை உப்பு. என்னைச் சித்தி பேர் சொல்லிக் கூப்பிட்டாள். பவுடரை ஒளித்து வைத்தேன். அவள் தேடவே இல்லை. அதுதான் இன்னும் பயம்.

வெள்ளி

ஆட்டோ. காவிரிப் பாலத்தில் வாந்தி. டாக்டர் எத்தனை ஊசி என்று கேட்டார்.

"ஒண்ணுதான் சார்."

"ரெண்டு சார். பவுடரும் தினம்."

தொடையில் கிள்ளினாள்.

ரத்தம் எடுத்தார்கள். கால்சியம் எக்கச்சக்கம். அட்மிட். ட்ரிப்ஸ்.

"எல்லாத்தையும் நிறுத்தினாலும் சட்டுன்னு இறங்காதும்மா. விட்டமின் டி கொழுப்புல தங்கிடும். வாரக்கணக்குல பாத்துக்கிட்டே இருக்கணும். கிட்னிக்கும் டெஸ்ட் அனுப்பியிருக்கோம்."

ட்ரெய்லர் வந்துவிட்டது. மெசேஜ் குவிகிறது. பார்க்கவில்லை.

சனி

அம்மா கொஞ்சம் தெளிவு. போனைப் பிடுங்கிக் கடை குரூப்பில் வாய்ஸ் போட்டாள். "அடியே, நாளைக்கு யாரும் போகாதீங்க. டெஸ்ட் பாக்காம போட்டுக்காதீங்கடி. நான் ட்ரிப்ஸ் ஏத்திக்கிட்டுக் கெடக்கேன்."

ஒரே ஒரு பதில்: "உங்களுக்கு ஒத்துக்கல போலக்கா. உடம்பப் பாத்துக்கங்க."

ஞாயிறு

கிட்னி ரிசல்ட் இன்னும் வரவில்லை. குரூப்பில் ஒரு போட்டோ. நர்ஸ் வீட்டு வாசல், குவிந்து கிடக்கும் செருப்புகள். கீழே, "நாங்க வந்தாச்சு, மத்தவங்க சீக்கிரம் வாங்கடி."

அம்மா கண்ணை மூடியபடி கேட்கிறாள், "வேற யாராச்சும் பதில் போட்டாங்களாடி?"