உடைந்த பேலட்டும் அக்காவும்

மார்ச் 3, திங்கள்

இன்றும் குடோனுக்குப் பின்னால் பேலட்டுகளைக் கொளுத்தினோம். சரக்கு அடுக்கும் மரத்தட்டுகள். ஒரு பலகை உடைந்தாலும் முழுத் தட்டும் தீக்குத்தான். ஆள் வைத்துக் கொளுத்துவது என் பொறுப்பு. தலைமுடியெல்லாம் புகை நாற்றம்.

வீட்டுக்கு வந்தால் அக்கா சத்தத்தைக் குறைத்துவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். கணவனைப் பிரிந்து இங்கே வந்ததிலிருந்து இப்படித்தான். சமைக்கிறாள், கேட்டால் பதில் சொல்கிறாள், வாசல் தாண்டுவதில்லை. தையல் மிஷினையும் அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டாள். எடுத்துப் பேச எனக்கும் தெம்பில்லை.

மார்ச் 7

மேனேஜரிடம் கேட்டே விட்டேன். உடைந்ததைப் பிரித்தால் பாதிக்கு மேல் நல்ல பலகை. அதைக் கொண்டே மற்றதைச் சரிசெய்யலாம். புதிது வாங்குவது குறையும், கொளுத்துவதும் நிற்கும். அவர் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல், "செஞ்சு பாருங்க. ஆனா சரக்கோட ஒண்ணு உடைஞ்சாலும் நிறுத்திடுவேன்" என்றார். தனி ஆள் கிடையாதாம். என் வேலை போக மிச்ச நேரத்தில் நானே செய்யவேண்டுமாம்.

எதற்கு வாயைக் கொடுத்தேன்?

மார்ச் 12

ஆணி பிடுங்கியே கை மரத்துவிட்டது. மரத்தோடு பழகினால் மரத்துத்தானே போகும். நல்ல நகைச்சுவை. சிரிக்கத்தான் ஆளில்லை.

மார்ச் 20

சரிசெய்தவை உள்ளே போய்விட்டன. யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பழைய மரம் நன்றாகக் காய்ந்து இறுகியிருப்பதால் வளைவதுமில்லை. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற அண்ணன் மட்டும், "அடிக்கட்டையை நல்லாப் பாத்துக்கம்மா. தலைக்கு மேல தூக்குறவன் நான்" என்றார்.

மார்ச் 27

உடைந்துவிட்டது. நான் சரிசெய்ததுதான்.

மேல் அடுக்கிலிருந்து இறக்கும்போது அடிக்கட்டை பிளந்து பெட்டிகள் சரிந்தன. வண்டிக்கு மேலே இரும்புக் கூரை இருந்ததால் அண்ணனுக்கு ஒன்றும் ஆகவில்லை. கட்டைக்குள் விரிசல் இருந்திருக்கிறது. பார்த்தேனா? கண் பார்த்திருக்கும், அசதியில் புத்தி பார்க்கவில்லை. மேனேஜர் கத்தவில்லை, நாளைக்குப் பேசலாம் என்றார். அதுதான் பயம்.

செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து அழுதேன். போதும், இந்த மரமும் வேணாம் மண்ணும் வேணாம். அக்கா டிவியை அணைத்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நீயே பிரிச்சு, நீயே அடிச்சு, நீயே சரிபாத்தா எப்படிடி தெரியும்? நான் தச்ச சட்டையில இருக்கிற தப்பு எனக்கே தெரியாது. நாளைக்கு நானும் வர்றேன்" என்றாள்.

மார்ச் 28

சும்மா சொல்கிறாள் என்று நினைத்தேன். எனக்கு முன்னால் கிளம்பி நிற்கிறாள்.

கவனிக்காதது என் தப்பு, பழைய மரத்தின் தப்பு இல்லை என்று மேனேஜரிடம் சொன்னேன். அக்கா என் பக்கத்தில் நின்றபடி, "நான் பாத்து சரின்னு சொல்லாம ஒண்ணும் உள்ள போகாது சார்" என்றாள். அவர் இழுத்தார். "ரெண்டு பேரும் பாத்துக் குடுத்தா நான் தூக்குறேன்" என்று அண்ணன் சொன்ன பிறகுதான் தலையசைத்தார். அக்காவுக்குத் தினக்கூலி.

ஏப்ரல் 15

நான் அடித்ததையே திருப்பி அனுப்புகிறாள். கட்டையைத் தட்டிப் பார்க்கிறாள், வெயிலில் புரட்டுகிறாள், பாரம் ஏற்றி நிறுத்துகிறாள். சின்ன வயதிலும் நான் பெருக்கிய வீட்டை மறுபடி பெருக்குவாள். அதே எரிச்சல் எனக்கு. ஆனால் அவள் ஒதுக்கியதைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே விரிசல் இருந்தது.

அவளிடம் சொல்லவில்லை. ஏற்கெனவே நிமிர்ந்துதான் நடக்கிறாள்.

மே 6

கொளுத்தி வெகுநாளாகிறது. புதுப் பேலட் லாரியும் இந்த மாதம் வரவில்லை. பக்கத்துக் குடோன்காரர்களும் உடைந்ததை இங்கேயே அனுப்பப் போகிறார்களாம். மேனேஜர் நல்ல சேதியாகத்தான் சொன்னார். நல்ல சேதி என்று என் இடுப்புக்கு யார் சொல்வது?

மே 23

காய்ச்சல். அக்கா என்னைப் படுக்கச் சொல்லிவிட்டு, கொண்டையை இறுக்கி முடிந்துகொண்டு தனியாகப் பஸ் ஏறிப் போய்விட்டாள்.

போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். சாவி எங்கே, லாரிக்காரருக்கு என்ன சொல்வது என்று ஏதாவது கேட்பாள். சாயங்காலம்வரை ஒரு போன்கூட வரவில்லை. கொஞ்சம் கோபம்கூட வந்தது.

மறுபடி தூங்கிவிட்டேன்.