சும்மா இருக்காத பதினெட்டாம் கணினி

மார்ச் 4, செவ்வாய்

புது ஏற்பாடு இன்று முதல். அறுபத்து நான்கு கணினிகளுக்கும் வைரஸ் ஸ்கேன் இனி மதியம்தான். அதுவும் பத்து நிமிடம் யாரும் தொடாமல் இருந்தால் மட்டும். "வைரஸ் அக்கா, மெஷின் ஆமை மாதிரி போகுது" என்று இரண்டு வாரமாக என் உயிரை எடுத்தார்கள். இனியாவது வாயை மூடட்டும்.

ஒரு மணிக்கு மாடி வெறிச்சோடியது. ஸ்கேன் ஓடத் தொடங்கிய கணினிகளின் எண்கள் என் திரையில் ஒவ்வொன்றாக நீலமாயின. மூன்று, ஒன்பது, நாற்பது... எல்லாம் ஒவ்வொன்றாகக் கண்ணயர்வதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட மறந்துபோனேன்.

பதினெட்டு மட்டும் மாறவில்லை.

மார்ச் 5, புதன்

பதினெட்டு இன்றும் நீலமாகவில்லை. என்ன பிடிவாதமோ.

மார்ச் 6, வியாழன்

கட்டடப் படம் வரைபவருடைய கணினி அது; மாடியில் எல்லோரும் அவரை 'ஸ்கேல்' என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் ஒல்லி, நெடுநெடுவென்று இருப்பார். வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம்தான்.

கணினியைத் தொடாமல் இருந்தால் மேனேஜர் மேடத்தின் திரையில் நம் பெயருக்குப் பக்கத்தில் உள்ள பச்சைப் புள்ளி மஞ்சளாகிவிடும். இடைவேளையில் பரவாயில்லை, மற்ற நேரத்தில் மஞ்சளானால் கணக்கில் ஏறும். போன மாதம் அந்த மஞ்சளுக்காகவே இருவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஸ்கேலின் புள்ளியோ எப்போதும் பச்சை. "சாப்பிடக்கூட எழுந்திருக்கிறதில்ல, அவரப் பாத்துக் கத்துக்கங்க" என்கிறார் மேடம்.

சாப்பிடாமல் ஒரு மனுஷன் எத்தனை நாள் இருப்பார்?

மார்ச் 10, திங்கள்

ஒன்றேகாலுக்குப் போய்ப் பார்த்தேன். நாற்காலி காலி. திரையில் அம்புக்குறி தானாக நகர்ந்துகொண்டிருந்தது!

எனக்குப் பேய் பிசாசில் எல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் பகீரென்றது. மவுஸைத் தூக்கினால் அடியில் ஒரு கைக்கடிகாரம், மல்லாந்து கிடக்கிறது. நொடிமுள் ஓட ஓட மவுஸ் அதைக் கையென்று நம்புகிறது. அடப்பாவி!

திரும்ப அப்படியே வைத்தேன். திரையில் ஒரு மாடிப்படியின் படம். அம்புக்குறி அதில் அரைப்படி ஏறும், நிற்கும், இறங்கும். ஜன்னல் வெயில் மேசைமேல் நகர்வதும் அது நகர்வதும் ஒரே வேகம்தான் என்று தோன்றியது. இருபது நிமிடம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். நான் எதற்கு வந்தேன் என்பதே மறந்துவிட்டது.

மார்ச் 11, செவ்வாய்

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "உனக்கெதுக்கு ஊர் வம்பு?" என்றார். வம்பா? வெள்ளிக்கிழமை மேடத்திடம் தர வேண்டிய முதல் ஸ்கேன் அறிக்கையில் பதினெட்டுக்கு நேராக என்ன எழுதுவதாம்?

மார்ச் 12, புதன்

இரண்டரைக்கு மூச்சு வாங்க ஏறிவந்த ஸ்கேலைப் படியிலேயே மறித்து, அப்போதுதான் எடுத்துவந்த கடிகாரத்தை நீட்டினேன். முகம் வெளுத்துவிட்டது.

"அக்கா, சொல்லிடாதீங்கக்கா."

குழந்தை இரண்டு மாதம் முன்னதாகப் பிறந்துவிட்டதாம். ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. மனைவிக்கு ஆபரேஷன் புண் ஆறாமல் காய்ச்சல். "புள்ளைய வெறும் நெஞ்சுல போட்டுக்கிட்டு ஒரு மணி நேரம் அசையாம உக்காரணும்க்கா. அப்பதான் மூச்சு ஒழுங்கா வருது."

"லீவு கேக்க வேண்டியதுதானே?"

"இன்னும் நிரந்தரம் ஆகல. கேட்டா, அப்படியே வீட்ல இருன்னுடுவாங்க."

நன்றாகத் திட்ட வாயைத் திறந்தேன். "எவ்வளவு எடை?" என்றுதான் வந்தது.

"ஒன்னேகால் கிலோ."

என் டிபன் பாக்ஸும் தண்ணீர் பாட்டிலும் சேர்ந்தே அதைவிடக் கனம்.

பிறகு சொன்னேன்: "வெள்ளிக்கிழமைக்குள்ள நீங்களே மேடத்துகிட்ட சொல்லிடுங்க. நான் அறிக்கையில பொய் எழுத மாட்டேன்."

மார்ச் 13, வியாழன்

மதியம் அவர் இடத்தில் உட்கார்ந்து நானே கையால் ஸ்கேனை ஓட்டினேன். நாற்பத்தாறு நிமிடம். எதுவும் இல்லை, சுத்தம்.

அங்கே அவர் அசையாமல் இருக்கிறார். இங்கே அவர் பெயரில் ஒரு முள் ஓடிக்கொண்டிருக்கிறது. எது வேலை, எது சும்மா இருப்பது? எனக்குச் சத்தியமாகத் தெரியவில்லை.

மார்ச் 14, வெள்ளி

அவர் சொல்லவில்லை.

மேடம் அறிக்கையைப் பார்த்து, "பதினெட்டு மட்டும் ஏன் கையால ஓட்டியிருக்கீங்க?" என்றார். மென்பொருள் கோளாறு என்று சொல்லியிருக்கலாம். நாக்கு வரைக்கும் வந்தது. அறிக்கையில் பொய் சொல்லாத பதினோரு வருடப் பழக்கம் விடவில்லை — குழந்தை, கண்ணாடிப் பெட்டி, கடிகாரம், எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

மேடம் அறிக்கையை மூடி வைத்தார். "எங்கிட்ட கேக்கப் பயந்துகிட்டா வாட்சை வச்சாரு?"

"உங்களுக்குப் பயந்து இல்ல மேடம். அந்தப் புள்ளிக்குப் பயந்து."

"நீங்க போகலாம்" என்றார். அவ்வளவுதான்.

கடவுளே, காட்டிக் கொடுத்துவிட்டேனா?

மார்ச் 17, திங்கள்

மேடத்திடமிருந்து உத்தரவு: பதினெட்டுக்கு மதிய இடைவேளை இரண்டு மணி நேரம், பன்னிரண்டரை முதல் இரண்டரை வரை. விட்ட நேரத்தைச் சாயங்காலம் இருந்து ஈடுகட்ட வேண்டும். ஸ்கேலைக் கூப்பிட்டு நன்றாக வாங்கு வாங்கென்று வாங்கினாராம். ஆனால் வேலை போகவில்லை!

கடிகாரம் அவர் கையில் இருக்கிறது. ஒரு மணிக்கு முன்பே பதினெட்டு நீலமானது. என்னிடம்தான் அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. வலிக்கிறது. வலிக்கட்டும்.

மார்ச் 25, செவ்வாய்

என் கீபோர்டின் மேல் ஒரு துண்டுச் சீட்டு. படம் வரைபவர்களுக்கே உரிய அளவெடுத்த எழுத்து: "ஒன்றரைக் கிலோ."

வேறெதுவும் இல்லை. பர்ஸில் வைத்திருக்கிறேன்.

ஏப்ரல் 22, செவ்வாய்

குழந்தை வீட்டுக்கு வந்து ஒரு வாரமாகிறது. மேடம் தந்த சலுகை நேற்றோடு முடிந்தது. பழையபடி ஒன்று முதல் இரண்டுதான் இடைவேளை.

ஒன்று பத்துக்குப் பதினெட்டு நீலமானது. இப்போது எங்கே போகிறார் என்று எட்டிப் பார்த்தேன். எங்கும் போகவில்லை. மேசைமேல் கையை மடித்துத் தலை வைத்து, வாயைப் பிளந்து தூங்குகிறார். சட்டைத் தோளில் பால் கக்கிய கறை. ராத்திரியெல்லாம் அந்த ஒன்றரைக் கிலோ — இல்லை, இப்போது இரண்டுக்கு மேல் — இவரைத் தூங்க விடுவதில்லை போல. காதோரம் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

ஒன்று ஐம்பத்தாறுக்கு ஸ்கேன் முடிந்தது. சுத்தம். இரண்டு மணிக்கு எல்லோரும் வந்து உட்கார ஆரம்பித்தார்கள். இனி இவரை எழுப்பாவிட்டால் அந்த மஞ்சள் புள்ளி கணக்கில் ஏறும்.

எழுப்பக் கையை நீட்டினேன். கை மவுஸின் மேல் போய் உட்கார்ந்தது. இரண்டே காலுக்கு அவராகவே கண் விழிக்கும்வரை, மெதுவாக, சத்தமில்லாமல் அதை அசைத்துக்கொண்டே நின்றேன்.